உள்ளே வைத்த வெள்ளிக் கம்பி

எண்பதுகளின் நடுவில், ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்த ஒரு காலத்தில், என் மனைவி சொல்லாமல் கொள்ளாமல் கூலியாட்கள் போகும் ஜீப்பில் ஏறி மலைக்கு வந்தாள். அங்கே நான் வைத்திருக்கும் பெண்ணைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்தாள்.

போடிமெட்டுக்கு மேலே எங்களுக்கு ஆறு ஏக்கர் ஏலத்தோட்டம். அதில் ஒரு ஓட்டுவீடு, பக்கத்திலேயே காய் உலர்த்தும் ஸ்டோர். குடும்பம் கீழே போடியில் இருந்தது. மகளும் மகனும் அங்கேதான் படித்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து எந்த வேலை இருந்தாலும் சனிக்கிழமை சாயங்காலம் இறங்கிவிடுவேன். கடைசி இரண்டு வருடங்களாக அது பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஆகி, பிறகு மாதம் ஒருமுறை ஆகிவிட்டது. இறங்கினாலும் முதுகுவலி என்று சொல்லிக் கூடத்துக் கட்டிலில் படுத்துக்கொள்வேன். எந்தப் பெண்ணுக்கும் வேறு என்ன தோன்றும்?

சாரலில் நனைந்து, காலில் அட்டை கடித்து ரத்தம் வடிய வந்தவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நேரே உள்ளே போனாள். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கம்பளி. கதவுக்குப் பின்னால் பார்த்தாள். ஸ்டோருக்குள் போய்ச் சல்லடைத் தட்டுகளுக்கு நடுவில் பார்த்தாள். நான் கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"எங்க அவ?" என்றாள்.

"யாரு?"

"அதத்தான் நானும் கேக்குறேன். யாரு?"

பொய் சொல்ல என்னிடம் எதுவும் மிச்சமில்லை. "யாரும் இல்ல. எனக்கு ஆகல" என்றேன்.

"என்ன ஆகல?"

"ஒண்ணும் ஆகல. ரெண்டு வருசமா."

அவள் படியில் உட்கார்ந்தாள். அட்டை விழ உப்புத் துணியை எடுத்துக் கொடுத்தேன். அட்டையை உதறி எறிந்தாள். சர்க்கரை வியாதி வந்த ஐந்து வருடத்தில் ஆண்மை கொஞ்சம் கொஞ்சமாகப் போனதையும், கடைசியில் முழுக்க நின்றுபோனதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போல் கேட்டது.

"நான் கெழவியாயிட்டேன், ஒங்களுக்கு என்னயப் புடிக்கலன்னு நெனச்சேன்" என்றாள் அவள். "தெனமும் கண்ணாடியில பாத்துப் பாத்து அழுதிருக்கேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல."

அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. எனக்கு நாற்பத்திரண்டு. என் வெட்கத்தை மறைக்க நான் மலையில் ஒளிந்தேன். அதற்குத் தண்டனை அனுபவித்தது அவள் என்பது அன்றுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவள் நடத்தியது. நான் தனியாகச் செய்திருந்த வைத்தியத்தைக் கேட்டபோது சிரித்துவிட்டாள். மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்கும் ஒரு வைத்தியரிடம் மூன்று டப்பா லேகியம் வாங்கித் தின்றிருந்தேன். அதில் இருந்த கருப்பட்டியால் சர்க்கரை ஏறியதுதான் மிச்சம். அவள் என்னை மதுரையில் நான் வழக்கமாகப் பார்க்கும் சர்க்கரை டாக்டரிடம் அழைத்துப் போய், நான் தலையைக் குனிந்துகொண்டிருக்க, அவளே சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை. "சர்க்கரக்காரங்கள்ல நெறையப் பேருக்கு வர்றதுதான். யாரும் சொல்றதில்ல" என்றார். மெட்ராசில் இதற்கென்று ஆபரேஷன் செய்யும் ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

மெட்ராஸ் டாக்டர், உறுப்புக்குள் வைத்துத் தைக்கும் சாமானை மேசை டிராயரிலிருந்து எடுத்து வைத்தார். விரல் தடிமனில், வெள்ளை நிறத்தில் இரண்டு குச்சிகள். மேலே ரப்பர் போல ஒன்று, உள்ளே பின்னிய கம்பி. நான் தொடவில்லை. என் மனைவி எடுத்து வளைத்தாள். வளைத்த இடத்தில் அப்படியே நின்றது. நிமிர்த்தினாள், நிமிர்ந்து நின்றது.

"உள்ள இருக்கறது என்ன கம்பி?" என்று கேட்டாள்.

"வெள்ளி" என்றார் டாக்டர்.

"வெள்ளியா" என்று என்னைப் பார்த்தாள். கொலுசு வாங்கப் போன கடையில் பார்க்கிற மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

டாக்டர் ஒளிக்காமல் பேசினார். இதை வைத்துவிட்டால் இயற்கையாக மிச்சம் இருப்பதும் போய்விடும், திரும்ப வராது. சீழ் பிடித்தால் எடுத்துவிட வேண்டியதுதான், சர்க்கரைக்காரர்களுக்கு அந்தப் பயம் அதிகம். நீளம் முன்பைவிடச் சற்றுக் குறைவாகத் தோன்றலாம். ஆசையும் உணர்ச்சியும் சுகமும் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கும், குச்சி அவற்றைத் தராது, எடுக்கவும் செய்யாது. "சர்க்கரையக் கொறச்சுட்டு வாங்க, அப்பறம் பாப்போம்" என்று அனுப்பிவிட்டார்.

மூன்று மாதம் கேப்பைக் களி, கொள்ளுத் துவையல், வெந்தயத் தண்ணீர். காப்பியில் சீனி கிடையாது. பரிசோதனைக்குப் போகிற நாளில் அவள் பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்போல இருப்பாள். சர்க்கரை இறங்கியது. தேதி கிடைத்தது.

ஆபரேஷன் அன்று முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். விழித்தபடியேதான் கிடந்தேன். கிண்ணத்தில் கத்தி விழும் சத்தமும், டாக்டரும் நர்சும் பேசிக்கொள்வதும் கேட்டன. மறுநாள் கட்டைப் பிரித்தபோது குனிந்து பார்த்தேன். கத்தரிக்காய் நிறத்தில், கத்தரிக்காய் அளவில் வீங்கியிருந்தது. இதற்காகவா இவ்வளவு பாடுபட்டோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மூத்திரக் குழாயை எடுத்த பிறகு முதல் தடவை போனபோது, பச்சைமிளகாயை அரைத்து ஊற்றியது போல எரிந்தது.

"வீக்கந்தான். வடியும்" என்றாள் என் மனைவி. டாக்டர் சொன்னதை அவள் என்னைவிட நன்றாகக் கேட்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து ரயிலிலேயே போடி வரை வந்தோம். பஸ்சு குலுக்கும் என்று அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் எல்லோரிடமும் குடலிறக்கம் என்று சொல்வதாக ஏற்பாடு. அதில் ஒரு சிக்கல் வந்தது. ராசிங்காபுரத்திலிருந்து பார்க்க வந்த அவளுடைய அண்ணனுக்கும் போன வருடம் குடலிறக்க ஆபரேஷன் நடந்திருந்தது. ஒரு சகோதரத்துவத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எந்தப் பக்கம் மாப்ளே?"

"வலது" என்றேன் நான். அதே நேரத்தில் அடுக்களையிலிருந்து வந்த என் மனைவி, "எடது" என்றாள்.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும்ணே" என்றாள் அவள், முகம் மாறாமல்.

"அடப்பாவமே, ரெண்டு பக்கமுமா" என்று அவர் மனமுருகிப் போனார். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று என்னுள் இருந்த குச்சிகள் இரண்டுதான் என்பதால், அவள் சொன்னதில் பொய் என்று பெரிதாக ஒன்றுமில்லை. சிரிப்பை அடக்கியதில் எனக்குத் தையல் சுண்டி இழுத்தது.

பன்னிரண்டாம் நாள் தையலின் ஓரம் சிவந்து கொஞ்சம் நீர் கசிந்தது. எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் தபாலாபீசுக்குப் போய் டிரங்க்கால் போட்டு, இரண்டு மணிநேரம் காத்திருந்து டாக்டரிடம் பேசினாள். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தாள். தினமும் மூன்று வேளை அவளே தையலைப் பார்த்தாள். நானே பார்க்கக் கூசியதை அவள் ஏலக்காயைத் தரம் பார்ப்பது போல வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தாள். ஐந்தாம் நாள் சிவப்பு இறங்கியது.

ஆறு வாரம் மலை ஏறக்கூடாது. காயோ செடியில் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. "நான் போறேன்" என்றாள். காலை ஜீப்பில் ஏறுவாள், சாயங்கால ஜீப்பில் இறங்குவாள். முதல் வாரம் ஆட்கள் அவளை ஏய்க்கப் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் யார் எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்பதை அவள் சொன்னாள். கேரளத்துப் பெண்கள் அவளைச் சேச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஸ்டோர் அடுப்பில் ஈர விறகைப் போட்டுக் காயின் பச்சை நிறத்தை நான் கெடுத்து வந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். முழங்கால் வரை சேறோடு வந்து கூடத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்வாள். நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன். பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கவும் பழகினேன்.

இதற்கிடையில் அந்தச் சாமானோடு நான் குடித்தனம் நடத்தப் பழக வேண்டியிருந்தது. அதற்கு உறக்கம் கிடையாது. எப்போதும் ஒரே விறைப்பு. மேலே வளைத்தால் மேலே, கீழே வளைத்தால் கீழே. முதலில் வயிற்றோடு ஒட்டிப் படுக்கவைத்திருக்கச் சொன்னார்கள். நான்காவது வாரத்திலிருந்து கீழே மடக்கிப் பழக வேண்டும். முதல் நாள் வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இணங்கி வந்தது.

வேட்டி இன்னொரு சோதனை. பீரோக் கண்ணாடி முன்னால் நான் நிற்க, அவள் நாலு பக்கமும் சுற்றி வருவாள்.

"தெரியுது."

மடக்கிச் சரிசெய்வேன். "இப்ப?"

"நடந்து காட்டுங்க."

நடப்பேன்.

"தெரியுது. பட்டாப்பட்டியக் கழட்டிக் குடுங்க, ரெண்டு தையல் போட்டுக் கொண்டாறேன்."

இரண்டு தையல் போட்ட பட்டாப்பட்டி டிராயரோடு கடைவீதியில் முதல் முறை நடந்தபோது ஊரே என்னைப் பார்ப்பது போல இருந்தது. யாரும் பார்க்கவில்லை. பழக்கடைக்காரர் மட்டும், "என்னண்ணே, நடை நிமிந்துருச்சு" என்றார். வாழைப்பழம் வாங்காமலேயே வேகமாக வந்துவிட்டேன்.

ஆறு வாரம் முடிந்து மெட்ராஸ் போனோம். டாக்டர் அழுத்திப் பார்த்து, ஒரு கையால் அடியில் பிடித்துக்கொண்டு மறுகையால் நிமிர்த்தும் விதத்தைக் காட்டினார். என்னையும் செய்துகாட்டச் சொன்னார். "நல்லா ஆறியிருக்கு. இனிமே ஒங்க பாடு" என்றார்.

வீட்டில் வசதிப்படவில்லை. பிள்ளைகள், வந்துபோகிற உறவுகள். "மலைக்குப் போவம்" என்றாள் அவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்களுக்கு லீவு. பிள்ளைகளை ராசிங்காபுரத்தில் விட்டுவிட்டுக் காலை ஜீப்பில் ஏறினோம். போடிமெட்டுத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுவீட்டில் தலை துவட்டிக்கொண்டு, எதிரெதிரே உட்கார்ந்து, கொண்டுவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். பதினெட்டு வருடம் வாழ்ந்தவர்கள், பெண்பார்க்க வந்த இடத்தில் போல உட்கார்ந்திருந்தோம்.

நான் முதுகைத் திருப்பிக்கொண்டு நிமிர்த்தினேன். அவள் பின்னாலிருந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு தொடங்கியது நல்லதாகப் போயிற்று. ஆனால் முதல் தடவை அடியில் சுருக்கென்று வலித்தது. நான் நிறுத்திவிட்டேன். பழைய பயமெல்லாம் மொத்தமாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"அப்ப விடுங்க. ஜீப்பு அஞ்சு மணிக்குத்தான். என்ன அவசரம்?"

அவள் எழுந்து கடுங்காப்பி போட்டாள். கம்பளியைச் சுற்றிக்கொண்டு இருவரும் குடித்தோம். மகளுடைய கணக்கு மார்க்கைப் பற்றிப் பேசினோம். பேச்சு அப்படியே குறைந்து நின்ற இடத்தில், இரண்டாவது தடவை அவசரமே இல்லாமல் நடந்தது. வலிக்கவில்லை. அது நழுவிப் போகவில்லை, பாதியில் என்னைக் கைவிடவில்லை. அது நிற்குமா நிற்குமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மனது ஓய்ந்து, வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். போய்விட்டது என்று நான் முடிவுகட்டியிருந்த சுகம், தன் நேரத்தில், தன் இடத்துக்குத் தானே வந்து சேர்ந்தது. நான் அழுதேன். மழைச் சத்தத்தில் அடக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஸ்டோருல அடுப்பே மூட்டல, இப்பிடி வேக்குது" என்றாள்.

அன்று ஐந்து மணி ஜீப்பை விட்டுவிட்டு ஆறு மணி ஜீப்பில் இறங்கினோம்.

அன்றிலிருந்து கூடத்துக் கட்டில் வருகிற விருந்தாளிகளுக்கு என்றாயிற்று. மலையை மட்டும் அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. "ஒங்களுக்கு மூணு நாளு, எனக்கு மூணு நாளு. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும்" என்று பிரித்துவிட்டாள். அவள் நாட்களில் உலர்ந்த காய்தான் நல்ல பச்சையாக இருக்கும். இதை நான் வெளியில் ஒத்துக்கொள்வதில்லை.

இரண்டு வருடம் கழித்து மதுரை டாக்டர், இதே குறை உள்ள ஒருவரோடு பேச முடியுமா என்று கேட்டார். நாங்கள் இருவரும் போனோம். தேவாரம் பக்கத்து விவசாயி, என்னைவிட நாலைந்து வயது இளையவர், மனைவியோடு வந்திருந்தார். எனக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அவருக்கும் என்ன கேட்பது என்று தெரியவில்லை. இருவரும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, "நீ வாத்தா" என்று வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அரைமணி நேரம் முணுமுணுப்பாகக் கேட்டது. பிறகு இரண்டு பெண்களும் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

உள்ளே வந்த அந்தப் பெண் உட்காரக்கூட இல்லை.

"ஏங்க," என்றாள் புருஷனிடம், "வெரசாத் தேதி வாங்குங்க."