மண்ணை வறுத்த கிராணி

நாற்று வாடினால் ஊரே வந்து நாற்றுமேடைக்காரனைத்தான் கேட்கும். மண்ணைக் கேட்பவர் யாருமில்லை. ஒரு கத்தரிச் செடியையாவது நட்டு, அது காரணம் சொல்லாமல் மஞ்சளாவதைப் பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டு நின்றவரா நீங்கள்? அப்படியானால் நாம் சொந்தக்காரர்கள். நான் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

சுத்தமான மண்

யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்து, மலாக்காவை அடுத்த ஆயர் குரோ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். ரப்பர் விலை விழுந்திருந்த காலம். தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு மேடு. அதில் புல்லை ஒன்றுவிடாமல் செதுக்கிச் செதுக்கியதில், மேல்மண்ணையெல்லாம் மழை அள்ளிக்கொண்டு போய்விட்டது. ரப்பர் மரங்கள் பட்டுப்போயின. ரப்பரை உலர்த்தும் புகைவீட்டு விறகுக்கு ஆகுமே என்று அங்கே காட்டு மரமான மெராந்தியை நடத் துரை முடிவு செய்தார். நாற்று வளர்க்கும் பொறுப்பு என் தலையில். எனக்குக் கீழே புல்வெட்டுப் பெண்கள் ஆறு பேர். சித்திரைக்குள் நாற்று தேறாவிட்டால் மேடையை மூடிவிட்டு ஆறு பேரையும் கப்பலேற்றிவிடுவேன் என்று துரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எனக்குச் சுத்தத்தில் கொஞ்சம் பித்து உண்டு. மண்ணைச் சலித்தேன். அதோடு விட்டேனா? புழு, பூச்சி, களை விதை எதுவும் மிஞ்சக்கூடாதென்று தகரத்தில் கொட்டி, அடியில் தீ மூட்டிக் கிளறச் சொன்னேன். பெண்களும் மறுபேச்சில்லாமல் கிளறினார்கள். அவர்களில் மூத்தவரான அஞ்சலை மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "மண்ண வறுத்தாச்சி, ஐயா. தாளிக்கிறது எப்போ?"

ராவுத்தர் கடைக் கருவாடு

விதை முளைத்தது. நாலு இலை விட்டது. அத்தோடு மஞ்சளாகி, வளர்வதை நிறுத்திவிட்டது. சாம்பல் போட்டேன். சாணிப்பால் ஊற்றினேன். துரை வரவழைத்த மூட்டை உரத்தையும் தூவினேன். மஞ்சள் இன்னும் கொஞ்சம் அழகாயிற்று. பெண்களின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

மலாக்கா டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த ராவுத்தரிடம் போய், கழிவுக் கருவாட்டைத் தூளாக்கி வாங்கி வந்து போட்டேன். மறுநாள் காலையில் கூலிக்காரர் குடியிருந்த லயத்து நாய்கள் அத்தனையும் நாற்றுமேடையில். மூன்று பாத்தி போயிற்று. இரண்டாம் தடவை கருவாட்டுக்குப் போனபோது ராவுத்தர் தராசை எடுக்கவே இல்லை. முழுக் கதையையும் கேட்டார். வந்த வியாபாரத்தைக் கையால் தள்ளிவிட்டு அவர் சொன்னதற்காக இன்றும் அவரை நினைத்துக்கொள்கிறேன்: "புள்ளைக்குப் பசியா, இல்ல சாப்புட முடியலையா? அதப் பாக்காம சோத்த மேல மேல வெச்சா எப்புடி, தம்பி?"

வெள்ளை நூல்

மாசி மாதம். கடைசிப் பாத்தி மட்டும் பச்சை பிடித்து நிமிர்ந்து நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் நுனியெல்லாம் வெள்ளையாய், பஞ்சு சுற்றினாற்போல் மெல்லிய நூல். ரப்பர்க்காரனுக்கு வெள்ளை நூல் என்றால் எமன். வேரைத் தின்னும் பூசணம் அது. கண்ட இடத்தில் சுற்றிப் பள்ளம் வெட்டி, வேரைத் தோண்டி எரித்துவிட வேண்டும் என்றுதான் எங்களுக்குப் பாடம். பாத்தியோடு கொளுத்தச் சொன்னேன்.

ஒருவரும் அசையவில்லை. பிறகுதான் உண்மை வந்தது. எல்லை வாய்க்காலுக்கு அப்பால் காட்டில், தாய் மரத்தடியில், யாரும் உரம் போடாமலே மெராந்திக் கன்றுகள் பச்சைப்பசேலென்று நிற்பதை அஞ்சலை பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியாமல் பெண்கள் அங்கிருந்து இலை மட்கிய மண்ணைக் கூடையில் சுமந்து வந்து முதலில் அந்தப் பாத்தியில் மட்டும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நான் சலித்து வறுத்த மண்ணில் அழுக்கு மண்! கோபத்தில் மண்ணெண்ணெய் டின்னை நானே எடுத்தேன். அஞ்சலை பாத்திக்கு முன்னால் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. "நோவுன்னா வாடணும், ஐயா. இது ஒண்ணுதான் வாடல."

டின்னைக் கீழே வைத்தேன்.

துரை வந்த நாள்

அன்றே எல்லாப் பாத்திக்கும் காட்டு மண் வந்தது. நானும் கூடை தூக்கினேன். சித்திரை பிறக்க நாலு நாள் இருக்கும்போது துரை வந்தார். கூடவே காட்டிலாகா அதிகாரி ஒருவரும் வந்தார். கடைசிப் பாத்தி முழங்கால் உயரம். மற்றவற்றில் அப்போதுதான் பச்சை ஏறிக்கொண்டிருந்தது. அதிகாரி வேரைக் கழுவிப் பார்த்துவிட்டு விளக்கினார். உதிர்ந்த இலை மட்கும்போது அதிலுள்ள சத்தை அந்த வெள்ளை நூல்கள் வேர் எட்டாத இடத்திலிருந்தெல்லாம் இழுத்து வந்து மரத்துக்குக் கொடுக்குமாம். மரம் தன் இலையில் சமைத்ததில் ஒரு பங்கை அவற்றுக்குக் கொடுக்குமாம். எல்லாப் பூசணமும் எமன் இல்லை. வறுத்த மண்ணில் நூல் ஏது? நான் போட்ட உரமெல்லாம் வாசலோடு நின்றுவிட்டது.

இது யார் யோசனை என்று துரை கேட்டார். என் யோசனைதான் என்று சொல்ல நாக்கு துடித்தது, பொய் சொல்வானேன். ஆறு பெண்களின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆறு பேரும் இருக்கட்டும் என்றார் துரை. அவர் போன பிறகு, என் மடத்தனத்தால் உங்களைக் கப்பலேற்றப் பார்த்தேனே என்று பெண்களிடம் சொன்னேன். அஞ்சலை கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே சொன்னார்: "எங்க மூட்ட சின்னது, ஐயா, எங்க போனாலும் பொழச்சிக்குவோம். மேடைய மூடுனா ஒங்களுக்கும் சீட்டுக் கிழிஞ்சிரும்னு கங்காணி சொன்னாரு. ஒங்க வீட்டுல புள்ளத்தாச்சி இருக்காங்களே, அதுக்குத்தான் மண்ணு சொமந்தோம்."

மரம் தன் வேரால் மட்டும் பிழைக்கிறது என்று நினைப்பவரையும், கிராணி தன் படிப்பால் மட்டும் பிழைக்கிறான் என்று நினைப்பவரையும் ஒரே பாத்தியில் நட்டுவைத்தால் இருவரும் ஒரே மஞ்சளாகத்தான் நிற்பார்கள்.