கிற்றாரில் ஊற்றிய தீர்த்தம்

என் மகள் ஷெரின் டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த காசில், பழைய மொடல் எலெக்ட்ரிக் கிற்றார் ஒன்றை மலிவாக வாங்கினாள். கம்பிகளுக்கு அடியில் சத்தத்தைப் பிடிக்கும் பிக்கப்பை மட்டும் நல்லதாகத் தேடி வாங்கி, தானே ஈயம் உருக்கி வைத்து ஒட்டி மாற்றினாள். கொட்டாஞ்சேனையில் எங்கள் கத்தோலிக்கக் கோவில் பாடகர் குழுவில் சேர, அதை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. அன்று காலை அவள் குளிக்கப் போன நேரம், அவளுக்கு இடம் கிடைக்க வேண்டுமென்று ஜெபித்தபடி, திருநாளில் கொண்டுவந்த தீர்த்தத்தில் ஒரு போத்தல் முழுவதையும் கிற்றாரில் ஊற்றித் துடைத்துவைத்தேன்.

கோவிலில் கிற்றார் இரைந்துவிட்டு நின்றுபோனது. "தங்கச்சி, இது கிற்றாரா, கிரைண்டரா?" என்று குழுத்தலைவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். வேறொரு பிள்ளையை எடுத்தார்கள்.

"நான் ஈயம் வச்சது பிழையோ அம்மா?" என்று மகள் அழுதாள். எனக்குக் காரணம் விளங்கிவிட்டது. ஆனாலும், "கண்டதையும் நோண்டினா இப்பிடித்தான்," என்றேன். அந்தக் கிழமையே அவள் கிற்றாரை வந்த விலைக்கு விற்றுவிட்டாள்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "மகளிட்ட சொன்னீங்களா?" என்றார் ஃபாதர். வீட்டுக்கு வந்து அவளிடமும் சொன்னேன்.

"வித்த பிறகா சொல்றீங்க?" என்றாள்.

இப்போது அவள் நெற்றியில் தீர்த்தம் பூசுவதென்றாலும் கேட்டுத்தான் பூசுவது என்று இருக்கிறேன். இன்னும் ஒரு நாளும் அவள் ஓம், பூசுங்க என்று சொல்லவில்லை.