எடுத்துப்போடட்டுங்களா என்று கேட்டவர்

ஓடுகிற சிஸ்டத்தில் நெட்வொர்க் கார்டை மாட்ட யாராலும் முடியும். சிஸ்டம் தொங்காமல், அதாவது உறைந்து நிற்காமல், அதைக் கழற்றுவதுதான் எங்கள் பிழைப்பு. சிஸ்டத்தின் உயிர்நாடியான கெர்னலில் கை வைத்துத் தூக்கம் கெட்ட சகாக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: கார்டு வெளியே வந்துவிட்டாலும், உள்ளே அதைப் பிடித்திருக்கும் வேலைகள் எல்லாம் விடும்வரை கெர்னல் காத்திருக்க வேண்டும்.

கார்டைச் சிஸ்டத்தோடு பேசவைக்கிற டிரைவரை நான் எழுதுவேன். எதிர் மேஜையில் குப்புராஜ். கார்டைப் பிடுங்கிச் சோதிப்பது அவர் வேலை. போன வருடம் ஓய்வு பெற்று மதுக்கரையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அவர் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான்.

கேட்டுப் பிடுங்கியது

குப்புராஜ் எதையும் கேட்காமல் செய்ய மாட்டார். "ஏனுங்க, எடுத்துப்போடட்டுங்களா?" என்பார். நான் ஓடுகிற டேட்டாவை நிறுத்திவிட்டு "ம்" என்பேன். பிடுங்குவார். ஒன்றும் ஆகாது. சோதனை பாஸ்.

அன்னூர் ஸ்பின்னிங் மில்லில் எங்கள் கார்டு மாட்டிய பெட்டியை வைத்த வாரமே தொங்கியது. போய்ப் பார்த்தேன். பஞ்சுத் தூசி துடைக்க, டேட்டா ஓடும்போதே கார்டைப் பிடுங்கியிருக்கிறார் மில் ஃபிட்டர். கேட்டுவிட்டுப் பிடுங்கக் கூடாதா என்று கத்தினேன்.

"ஆரைங்க கேக்கறது? நீங்க கோயமுத்தூர்ல இருக்கறீங்க."

பூட்டு

டேட்டா ஓடினால்தான் தெரிகிற கோளாறு அது. கார்டை நீக்கும் வேலை ஒரு நேரத்தில் ஒருவருக்கே கிடைக்கிற ஒரு பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு வேலை முடியட்டும் என்று நின்றது. அந்த வேலையோ, முடிப்பதற்கு அதே பூட்டு வேண்டும் என்று நின்றது. இரண்டும் நகரவில்லை.

பலகையில் வரைந்து குப்புராஜுக்குக் காட்டினேன். சிரிக்கவே இல்லை அந்த ஆள்.

"நம்ம மேனேஜரும் அவரு மச்சானும் வாசல்ல நிக்கற மாதிரிங்க. 'நீங்க போங்க', 'இல்லீங்க, நீங்க போங்க'. பின்னாடி நிக்கற நாம எப்பங்க சோறு திங்கறது?"

சொல்லாமல் பிடுங்கியது

காத்திருக்கும் முன் கையிலுள்ள பூட்டை விடும்படி டிரைவரை மாற்றினேன். சரியா என்று பார்க்க அவர் கேட்காமல் பிடுங்க வேண்டும். சொன்னேன். முடியவில்லை மனுஷனால். கேட்பதற்குப் பதில் செருமினார். செருமல் கேட்டதும் என் கை தானாக டேட்டாவை நிறுத்தியது. கடைசியில் என்னை வராந்தாவுக்குத் துரத்திவிட்டுப் பிடுங்கினார். தொங்கவில்லை. வெளியே வந்தவர் முகம் சரியில்லை.

"ஓடிட்டிருக்கறதச் சொல்லாமப் புடுங்கறதுக்கு மனசு ஒப்பலீங்க."

இப்போது

இப்போது ஒரு புரோகிராமே கார்டை எடுக்கிறது, மாட்டுகிறது. கேட்பதும் இல்லை, செருமுவதும் இல்லை. திரையில் வரிசையாகப் பச்சை, எல்லாம் பாஸ். எதிர் நாற்காலியில் யாரோ ஹெல்மெட்டை வைக்கிறார்கள். எடுத்துக் கீழே வைக்கிறேன்.

போன வாரம் குப்புராஜுக்குப் போன் செய்தேன். அரை நாள் வந்து போங்கள் என்றேன். எதுக்குங்க என்றார். டிரைவரில் புதிதாக ஒரு பக், என்ன தப்பென்று பிடிபடவில்லை என்று சொல்லிவைத்தேன்.

"முட்டி வலி கொஞ்சம் தணியட்டுங்க, வாரேன். ஏனுங்க, பக் இல்லீனா என்னையக் கூப்புடக் கூடாதுங்களா?"

அவர் வந்தால் காட்ட ஒரு தப்பாவது வேண்டுமே என்று தினமும் என் டிரைவரின் வரிகளைத் துழாவுகிறேன்; பாழாய்ப்போனதை ஒழுங்காக எழுதித் தொலைத்திருக்கிறேன்.