காற்று கரைக்காத சேறு

மருதமுத்து அண்ணன் இறந்த செய்தி எனக்கு இந்தியில் வந்தது. "தீதி, முத்து பாய் நஹீ ரஹே" என்று எங்கள் அலுவலக வங்காளி எழுத்தர் தொலைபேசியில் சொன்னார். போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் காலைப் படகுக்குக் காத்திருந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்று பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். படகு வந்தபோது எழவில்லை. 'இனி அவரிடம் சொல்ல முடியாது' என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் எங்கள் துறையின் ஜீப் ஓட்டுநர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். தெற்கே இன்னொரு தீவில், ஹட் பேயில், எண்ணெய்ப்பனைத் தோட்டத்து லாரி ஓட்டியவர், சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேர் அலுவலகத்துக்கு வந்தார். ஓய்வு நேரத்தில் ராணுவ வண்டிகளை உள்ளங்கை அளவில் செய்வார். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டுவது பெரிய காரியமில்லை என்பார். அதன்மேல் ஏற்றும் பூச்சில்தான் அவருடைய கை தெரியும். டாங்கின் இரும்புச் சொரசொரப்புக்காக, விரிசல் அடைக்கும் புட்டிப் பசையைக் கரைத்துத் தடவி, தேய்ந்த பிரஷ்ஷால் குத்திக் குத்தி எடுப்பார். துரு நிறம் அடித்து, அங்கங்கே உப்புக்கல் ஒட்டி, மேலே பச்சை அடிப்பார். காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டால், பெயின்ட் உரிந்து துரு எட்டிப் பார்க்கும்.

"தோட்டத்துல அட்டை கடிச்சா உப்பு வைப்போம். இங்கே வந்து துருப் பிடிக்க உப்பு வைக்கிறேன், பாருங்க தங்கச்சி" என்று சிரிப்பார்.

சேறு பூசும்போது மட்டும் சிரிக்கமாட்டார். "சேறு சக்கரத்துலேருந்துதான் மேலே ஏறும். மேலேயிருந்து தெளிச்சா அது பொய்."

அவர் முதலில் சேறு பூசியது ஒரு ராணுவ லாரிக்கு. அலை அடித்த சில நாள் கழித்து, மேட்டில் ஒதுங்கியிருந்த அவரையும் மனைவி பார்வதி அக்காவையும் ஜெட்டிக்கு ஏற்றிவந்த லாரியின் சின்ன உருவம் அது. வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி அம்மாவைத் தேடியிருக்கிறார். அம்மா கிடைக்கவில்லை. பிறகு ஒருமுறை ஹட் பே போனபோது, அந்த இடத்து மண்ணை ஒரு காப்பித்தூள் டப்பாவில் கொண்டுவந்தார். அதைச் சலித்து, பசையில் குழைத்துத்தான் அந்தச் சின்ன லாரிக்குப் பூசினார்.

லாரியை எங்கள் அலுவலக முன்னறைக் கண்ணாடி அலமாரியில் வைத்தோம். அலுவலகம் வந்த ராணுவ அதிகாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, தங்கள் காட்சிக்கூடத்தில் வைக்கக் கேட்டார். அண்ணன் பெயரையும் எழுதி வைப்பதாகச் சொன்னார். அன்று அண்ணன் எல்லோருக்கும் சமோசா வாங்கித் தந்தார்.

அலமாரிச் சாவி என்னிடம் இருந்தது. அடைமழைக் காலம். நம் ஊரில் அப்போது செருப்பு முதல் கோப்பு வரை வெள்ளைப் பூஞ்சணம் பூக்கும். வினிகர் கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைப்போம், அது நம் எல்லோர் வீட்டு வழக்கம். லாரியைக் கொடுக்க வேண்டிய நாள் காலை, சக்கரத்தருகே வெள்ளையாகப் பூத்திருந்தது. கைப்பழக்கத்தில் துடைத்துவிட்டேன். ஒரு பக்கத்துச் சேறு முழுவதும் துணியோடு வந்துவிட்டது.

அதோடு நின்றிருந்தால் தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். நான் துணியை ஒளித்தேன். அதில் ஒட்டிய சேற்றுப் பிசிறுகளைக் காயவைத்து, தானாக உதிர்ந்ததுபோல் லாரியின் கீழே தூவினேன்.

அண்ணன் வந்து பார்த்தார். வெகுநேரம் குனிந்தே நின்றார். "காத்து இளக்கிருச்சு போல. என் பசைதான் பத்தல, தங்கச்சி."

"ஆமாண்ணே, இங்கே காத்து அப்படித்தானே" என்றேன்.

அதிகாரியிடம், "சரியா செஞ்சு தர்றேன் சாப், கொஞ்சம் டைம் குடுங்க" என்று கைகூப்பினார். அவர் சரி செய்வதற்குள் அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவர் கேட்கவில்லை.

அலுவலகத்தில் அது கேலியானது. "முத்து பாய், பாரிஷ் மே காடி நிகாலோகே?" மழையில் வண்டியை எடுப்பீர்களா என்று கேட்பார்கள். "வைப்பர் மாட்டிட்டு எடுக்கிறேன்" என்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

பிறகு வந்த வருடங்களில் அவர் காற்றோடு மல்லுக்கட்டினார். பாம்பூஃப்ளாட்டில் அவர் வீட்டுச் சன்னலுக்கு வெளியே, சேறு பூசிய பிளாஸ்டிக் துண்டுகள் எண் போட்டு வரிசையாகத் தொங்கும். ஒன்றில் சுண்ணாம்பு, ஒன்றில் மரத்தூள், ஒன்றில் வார்னிஷ். ஹட் பே மண் கொஞ்சம்தான் மிச்சம் என்பதால், சோதனைக்கெல்லாம் வீட்டுப் பக்கத்து மண். "பதினேழாம் நம்பர் ஒரு மழை தாங்கிச்சு தங்கச்சி" என்று வந்து சொல்வார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். "அப்படியா அண்ணே" என்பதோடு நின்றுவிடும். போன வருடம்தான் மிச்ச மண்ணைக் குழைத்து அந்த லாரிக்கு மறுபடி பூசினார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். அவர் படத்துக்குக் கீழே லாரி இருந்தது. பார்வதி அக்கா ஈரத்துணியோடு வந்து அதைத் துடைக்கப் போனார். "அக்கா, வேணாம்!" என்று கையைப் பிடித்துவிட்டேன்.

"ஒண்ணும் ஆகாதும்மா. வெள்ளிக்கிழமை தவறாம துடைச்சுப் பாருன்னு அவருதான் சொல்லுவாரு."

துடைத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், தூவிய பிசிறுகள் வரை.

அக்கா துணியை மடித்து வைத்தார். "இத்தனை வருசம் அந்த மனுசன் காத்தைத் திட்டிக்கிட்டுக் கிடந்தாரு. நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க." லாரியை நேராக்கிவிட்டு, "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? ஆபீஸ்ல பசை கலக்கத் தெரியாதவர்னுதானே சிரிச்சாங்க? அவங்க படிக்கிற மாதிரி எழுதுங்க" என்றார். எனக்குத் தேநீர் தந்தார். தன் கையால் தரவில்லை, மகளிடம் கொடுத்தனுப்பினார்.

எழுதிவிட்டேன். நம் அலுவலக நண்பர்களே, அவர் முதலில் கலந்த பசையிலும் குறை இருக்கவில்லை. அந்தச் சேறு சக்கரத்திலிருந்து மேலே ஏறிய உண்மையான சேறு. மேலேயிருந்து தெளித்தவள் நான்.

அந்த லாரி இப்போது அவர் வீட்டுச் சன்னலோரம், துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிறது. கடல்காற்று நேராக அதன்மேல்தான் அடிக்கிறது. ஒரு துகள்கூட உதிரவில்லை.

போய் வாருங்கள் அண்ணே. அது காற்று இல்லை. நான்தான்.