இருசப்பனின் இருதயம்

உத்திரமேரூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிய இருசப்பனைப் போல ஓர் உடம்புக்காரன் திருப்புலிவனத்தில் வேறு யாரும் இல்லை. நல்ல உயரம், தோளும் தொடையும் முறுக்கேறிக் கிடக்கும். இரண்டு பேர் கை கொடுத்து ஏற்றும் நெல் மூட்டையை அவன் ஒருவனே முதுகில் வாங்கிக்கொண்டு போவான். அந்த உடம்புதான் அவனுக்கு வினையாக வந்தது.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் காசநோய் பார்க்க எக்ஸ்ரே வண்டி வந்தது. ஊரே வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டது. படங்கள் கழுவி வந்த பிறகு, வண்டியோடு வந்தவர் இருசப்பனை மட்டும் தனியே கூப்பிட்டார்.

"உன் இருதயம் மத்தவங்களுதைவிடப் பெரிசா இருக்கு. வீங்கியிருக்கும்போல. இனிமே பாரம் தூக்காதே, உசுருக்கு ஆபத்து."

அந்த மனுஷன் இருதயத்தை அளந்தாரே தவிர, அது எப்பேர்ப்பட்ட உடம்புக்குள் இருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று வீட்டில் உட்கார்ந்தவன்தான். பெண்டாட்டி சிட்டம்மாள் காற்றடித்தால் பறந்துவிடும் உடம்புக்காரி. நடவு, களை, அறுப்பு என்று கிடைத்த வேலைக்கெல்லாம் அவள் போனாள். முட்டையோ ஈரலோ கிடைத்தால் தான் தொடாமல் அவன் தட்டில் வைத்தாள். ஆலையில் அவனோடு மூட்டை தூக்கியவர்கள் வழியில் பார்த்தால், "இன்னாடா, தேரு நெலையிலயே நிக்கிது" என்று கேலி செய்தார்கள். அவன் குனிந்த தலை நிமிராமல் போய்விடுவான்.

அடுத்த வருஷம், காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கைராசியான டாக்டர் ஒருவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, சிட்டம்மாள்தான் அவனைப் பஸ் ஏற்றி அனுப்பினாள். அவளுக்கு நடவு இருந்ததால் கூடப் போக முடியவில்லை.

டாக்டர் குழாய் வைத்துக் கேட்டார். புதிதாகப் படம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவனுடைய புஜத்தை அழுத்தினார், முதுகைத் தடவினார். கடைசியில் வயிற்றை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தார்.

"உனக்கு வியாதி ஒண்ணும் இல்லப்பா. உழைச்சு ஏறின தசை இவ்வளவு இருக்கே, அதுக்கெல்லாம் ரத்தம் அனுப்பணும்னா இருதயமும் அதுக்குத் தகுந்த மாதிரிதான் இருக்கும். இதே எடையில கொழுத்த ஆள் ஒருத்தன் வந்தா அவனுக்கு இவ்வளவு பெரிசா இருக்காது. கொழுப்பு ஏறினதுக்காக இருதயம் இப்படி வளராது." பிடித்த பிடியை விடாமலே கேட்டார்: "இந்தத் தொப்பை எப்ப வந்தது?"

இருசப்பன் தரையைப் பார்த்தான். தொப்பை வந்தது சிட்டம்மாளின் கூலியில்.

"நடுவுல எப்பவாவது பாரம் தூக்கிப் பாத்தியா?"

"இல்லீங்க" என்று பொய் சொன்னான்.

தூக்கியிருந்தான். ஆடி மாசத்தில் ஒரு மத்தியானம், தெருவே வேலைக்குப் போயிருந்தபோது, கொல்லையில் கிடந்த கல்லுரலை மார்வரை தூக்கி இறக்கினான். மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு வலிக்கவில்லை. மறுபடியும் தூக்கினான். ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே சிட்டம்மாளிடம் சொல்லியிருக்கலாம். பயமாக இருக்கிறது என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டான். பயம் கொஞ்சம்தான், உட்கார்ந்து சாப்பிட்ட சுகம்தான் மீதியெல்லாம். திரும்பும் பஸ்ஸில், திருட்டுப் பயலே என்று தன்னையே திட்டிக்கொண்டான். வெட்கத்தில் காது மடல் சுட்டது. பக்கத்தில் இருந்தவர் எந்த ஊர் என்று கேட்டதற்குக்கூட அவனால் முகம் பார்த்துப் பதில் சொல்ல முடியவில்லை.

உரலைத் தூக்கியது உட்பட எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட வேண்டும், அவள் காறித் துப்பினாலும் சரி என்று முடிவு கட்டிக்கொண்டுதான் ஊரில் இறங்கினான்.

நடவிலிருந்து வந்த சிட்டம்மாள், காலில் சேறுகூடக் காயாமல் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"ஒண்ணியும் இல்லியாம். இந்த ஒடம்புக்கு இருதயம் அந்த அளவு இருக்கணுமாம். வண்டில வந்த ஆளு தப்பா சொல்லிக்கீறான்."

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"தெனம் நீ தூங்கினப்பறம் உன் மார்ல காத வெச்சி, அடிச்சிக்கினு கீதான்னு கேட்டுட்டுத்தான்யா படுப்பேன். கயனில நிக்கசொல்ல யாராச்சும் வரப்பு மேல ஓடியாந்தா, உன் சேதிதான் வருதுன்னு நாத்த அப்டியே போட்டுட்டு நிப்பேன்."

இருசப்பன் வாயைத் திறந்தான். உரலைத் தூக்கியதைச் சொல்லத்தான். அவள் முகம் இவ்வளவு தெளிந்து அவன் பார்த்து ஒரு வருஷமாகியிருந்தது.

"சோறு கீதா?" என்று கேட்டான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேற்றுக் காலோடு அடுப்பு மூட்டப் போனாள்.