இடியப்ப உரலும் இரண்டு நாட்டுப் பொலிசும்

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற கார் ஒரு காலையில் காணாமல் போனது. பொலிசுக்குச் சொன்னோம். மனைவிக்குக் காரைவிடப் பெரிய கவலை, பின்பெட்டியில் கிடந்த, இடியப்பம் பிழியும் பித்தளை உரல். வெம்பிளியில் இருக்கும் தங்கையிடம் இரவல் கொடுத்து, அதற்கு முதல் நாள்தான் திருப்பி வாங்கியிருந்தாள்.

சில வாரங்கள் கழித்து லண்டன் பொலிஸ்காரி ஒருவர் அழைத்தார். பெல்ஜியத் துறைமுகம் ஒன்றில், கண்டெய்னருக்குள் கார் அகப்பட்டுவிட்டதாம். கார்களைத் திருடிக் கப்பலேற்றும் கூட்டத்தை இரு நாட்டுப் பொலிசும் சேர்ந்து தேடிக்கொண்டிருந்தார்களாம். "ஆனால் காருக்குள் ஒரு பொருள்..." என்று இழுத்தார். அது குறித்து வீடியோவில் பேச வேண்டுமாம்.

சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்தோம். லண்டன் பொலிஸ்காரியோடு பெல்ஜிய அதிகாரியும், நாடுகளின் பொலிசை ஒருங்கிணைக்கும் அலுவலகத்து மனிதர் ஒருவரும் திரையில் இருந்தார்கள். பெல்ஜியக்காரர் கையுறை போட்ட கையால் உரலைத் தூக்கிக் காட்டினார். துளைகளில் வெள்ளைத் தூள் காய்ந்திருந்தது. போதைப்பொருள் இல்லை என்று சோதனையில் வந்துவிட்டதாம். அதனால் குழப்பம் இன்னும் கூடிவிட்டதாம். மாத்திரை அழுத்தும் கருவியா என்று கேட்டார்.

"இல்லை, ஸ்ட்ரிங் ஹொப்பருக்கு" என்று இடியப்பத்தின் ஆங்கிலப் பெயரைச் சொன்னேன்.

அவர் எழுதிக்கொண்டார். "இந்த ஹொப்பர் எங்கே வசிக்கிறார்?"

"இஞ்சாருங்கோ, தள்ளுங்கோ. நான் செய்து காட்டுறன்" என்று மனைவி கேத்திலைப் போட்டாள். தண்ணீர் கொதிக்கும்வரை அவர்கள் மூவரும் திரையில் காத்திருந்தார்கள். மாவைக் குழைத்து, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வைத்திருந்த உரலில் போட்டுப் பிழிந்தாள். இழை இழையாகத் தட்டில் விழுந்தது.

"பாஸ்தா!" என்றார் அலுவலகத்து மனிதர்.

"பாஸ்தாவோ? அவருக்கு வடிவா விளங்கப்படுத்துங்கோ!"

விளங்கப்படுத்தினேன். அவர் எதனோடு சாப்பிடுவது என்று கேட்டார். சொதி என்ற சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தேன்.

பிறகு திருட்டுக் கூட்டத்தைப் பிடித்துவிட்டார்கள். உரல் தபாலில் வந்தது. வழக்கு முடியும்வரை காரை விடமாட்டார்களாம். நான் பஸ்ஸுக்கு நின்று நனைந்து வந்து புறுபுறுத்தேன்.

"காருக்கு இன்சூரன்ஸ் இருக்கு, உரலுக்கு இருக்கோ?" என்றாள் மனைவி.