தேவேந்திரனின் கால்கள்

தேவேந்திரனுக்குச் சாலையில் வண்டி ஓட்டத் தெரியாது. இதை அவன் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன். காந்தி ரோட்டில் அவனிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தால் பின்னால் வருகிற பஸ்காரர் எங்கள் இரண்டு வம்சத்தையும் சேர்த்துத் திட்டுவார். ஆனால் மணலிலும் கல்லிலும் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒருமுறை ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் எங்கள் ஜீப் குழுவின் வண்டிகள் எல்லாம் அச்சு வரைக்கும் புதைந்து நின்றன. தேவேந்திரன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தூங்குகிற குழந்தையை இடம் மாற்றிப் படுக்க வைப்பது போல என் ஜீப்பைக் கரையேற்றினான். அன்றைக்குத்தான் அந்தக் கால்களை நான் சரியாகப் பார்த்தேன்.

நான் ராஜவேலு. ஓரிக்கை ரோட்டில் ஷெட் போட்டு ஜீப்புகளைப் பழுது பார்க்கிறேன். எனக்குக் கோபம் முன்னால் வரும், புத்தி பின்னால் வரும். எனக்கென்று வைத்திருக்கும் வண்டி ஒன்றுதான். என் வயதில் முக்கால்வாசி அதற்கு இருக்கும். மூன்று வருடம் முன்பு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து கிளட்சை அழுத்திக்கொண்டு மலைப்பாதையில் போக என்னால் முடியாது. அதனால் ஸ்டியரிங் தேவேந்திரனுக்கு, பக்கத்து சீட்டு எனக்கு என்று ஆகிவிட்டது.

அவன் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவன். நாற்பத்தொன்பது வயது. நெற்றியில் திருநீறு, காதில் பென்சில், பேச்சு மட்டும் கொஞ்சம்தான். ஒரு நாள் ஸ்கூட்டருக்கு ஸ்பேனர் கடன் கேட்டு ஷெட்டுக்கு வந்தவன், தூக்கி நிறுத்தியிருந்த ஜீப்பைப் பார்த்துவிட்டு வந்த வேலையை மறந்து நின்றான். அதற்கப்புறம் தறியை விட்டு எழுந்தால் நேராக என் ஷெட்டுக்குத்தான் வருவான். ஓடாத வண்டியில் ஏறி உட்கார்ந்து முன்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பான். எதிரே என் ஷெட்டின் தகரம்தான் இருந்தது. அதையே அரை மணி நேரம் பார்ப்பான்.

"என்னாபா தெரியுது அங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மணல்" என்றான்.

கிண்டல் செய்தேன். அவனுக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னது இதுதான்: "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அரக்கு, மஞ்சள், கிளிப்பச்சைன்னு பார்த்துக்கினே இருக்கேன் வேலு. கண்ணை மூடினாலும் அதுவே ஓடுது. ஒரே நிறமா ஒரு எடம் இருக்குதில்ல, பாலைவனம்? அங்க போய் ஒரு நாளாவது நிக்கணும். கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஒண்ணே ஒண்ணு."

பட்டு நெய்கிறவனுக்கு நிறம் அலுக்குமா என்று அப்போது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு யோசித்தேன், எனக்கு டீசல் வாசனை அலுக்கவில்லையா?

அந்தப் பாலைவனம் போன வருடக் கடைசியில் நிஜமாகவே பக்கத்தில் வந்தது. எங்கள் ஜீப் குழுவை நடத்துவது காயத்ரி என்கிற பல் டாக்டர். முப்பத்தைந்து வயது இருக்கும். பல்லைப் பிடுங்குகிற அதே நிதானத்தோடு வண்டி ஓட்டுகிற பெண். தை பிறந்ததும் ஐந்து வண்டிகள் ராஜஸ்தானுக்குப் போவதென்று அவர் முடிவு செய்தார். வண்டிக்கு இரண்டு பேர். போகிறவர்கள் முதலில் ஒரு கற்பாதையை நடுவில் நிற்காமல் ஏறிக் காட்ட வேண்டும், மூன்று தடவை முயலலாம். எந்த இரண்டு பேர் ஏறுகிறார்களோ அதே இரண்டு பேர்தான் போக வேண்டும், பிறகு ஆள் மாற்றக் கூடாது. முந்தைய பயணத்தில் யாரோ கடைசி நேரத்தில் மச்சானை ஏற்றிக்கொண்டு போய், பாதி வழியில் இருவரும் அடித்துக்கொண்டார்களாம். அதிலிருந்து இந்தச் சட்டம்.

ஏறும் நாளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். அன்றைக்கு அமாவாசையும் சேர்ந்து வந்தது. அமாவாசையில் தறி ஓடாது, அதனால் தேவேந்திரனுக்கு லீவு கேட்க வேண்டியிருக்கவில்லை. குடும்பத்தோடு வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவன் மனைவி கலாவதியும் எலுமிச்சை சாதத் தூக்கோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். அவள் அதிகம் வெளியே போகிறவள் இல்லை. கோர்வைப் புடவையில் கரையைத் தனியாகக் கோத்து நெய்ய வேண்டும்; குறுக்கு நூலை ஓட்டுகிற நாடா உடம்புக்கு ஒன்று, கரைக்கு ஒன்று. உடம்பை அவன் நெய்ய, வலது ஓரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து கரை நாடாவைப் போடுகிறவள் அவள். கல்யாணமான இருபத்தாறு வருடமும் அதே இடத்தில்.

பாலாற்றைத் தாண்டி உத்திரமேரூர் பக்கம் கைவிட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. உரிமையாளரிடம் அனுமதி வாங்கியிருந்தோம். உள்ளே ஒரே வெள்ளை. மரம் கிடையாது, புல் கிடையாது. உடைத்துப் போட்ட பாறைகள், அவற்றின் மேல் மாவு போலப் படிந்த வெள்ளைத் தூசி. காலை ஒன்பது மணிக்கே தரைக்கு மேல் கானல் அசைந்தது. முன்னால் போன வண்டிகள் தூசிக்குள் கரைந்து, சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. நான் விழித்துக்கொண்டே தூங்குவதாக நினைத்தேன். தேவேந்திரன் என்ஜினை அணைத்தான்.

"இப்பிடித்தான் இருக்குமா வேலு?"

"இதைவிடப் பெரிசா இருக்கும்பா" என்றேன். எனக்கும் தெரியாது. சொல்ல வேண்டும் போலிருந்தது, சொன்னேன்.

பகல் முழுவதும் அந்த வெள்ளையில் அலைந்தோம். சரிவில் இறங்கினோம், பள்ளத்தில் சாய்ந்தபடி போனோம், குவாரிக் குட்டையின் பச்சைத் தண்ணீர் ஓரமாக ஊர்ந்தோம். அவன் பிசகவே இல்லை. ஊர்கிற அந்த வேகத்தில் தூசி எழுந்து அடங்குவதைக்கூடப் பார்க்க முடிந்தது. வண்டி கல்லின் மேல் ஏறி இறங்குவது தூளியில் ஆடுவது போலத்தான் இருந்தது. என் முழங்கால்கூட வலியை மறந்திருந்தது. தை மாதம் இருவரும் மணலில் போய்க்கொண்டிருப்பதாகவே நான் மனதில் ஓட்ட ஆரம்பித்துவிட்டேன்.

மூன்று மணிக்குத்தான் அந்த ஏற்றம். குவாரி மேட்டுக்குப் போகிற பழைய லாரிப் பாதை, மழையில் அரித்து வெறும் கல்லாகக் கிடந்தது. நான்கு வண்டிகள் ஏறிவிட்டன. ஐந்தாவது நாங்கள். நாங்கள் ஏறாவிட்டால் அந்த இடம் வேலூரில் காத்திருக்கிற இன்னொரு வண்டிக்குப் போய்விடும்.

கலாவதி இறங்கிக் கீழே நின்றாள். நாலு சக்கரமும் இழுக்கும்படி குட்டி லிவரைத் தட்டிவிட்டு முதல் கியரில் ஏறினோம். பாதித் தூரம் அருமையாகப் போயிற்று. சக்கரத்துக்குக் கீழே ஒரு கல் 'டக்' என்று உடைந்தது. என்ஜின் விக்கி நின்றுவிட்டது.

"என்னாபா ஆச்சு?"

"தெரியல வேலு" என்றான். நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை, முகம் வெளுத்திருந்தது.

பின்வாங்கி மறுபடி ஏறினோம். அதே 'டக்'. அதே மாதிரி நின்றது. நான் பாறையையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவன் கால் பக்கம் என் கண் போகவில்லை. டீசல் வடிகட்டியைத் திட்டினேன், என்ஜினைத் திட்டினேன், கடைசியில் அவனையும் திட்டினேன். "மூணு வருஷமா ஓட்டறே, ஒரு கல்லுக்குப் பயந்துட்டியே" என்று எல்லார் காதிலும் விழும்படி கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் கத்திய அந்தக் குரல் என் காதில் இன்றைக்கும் இருக்கிறது, வெட்கமாக இருக்கிறது.

கீழே வந்து நின்றபோது கலாவதி வண்டிக்கு அருகில் வந்தாள்.

"அண்ணா, திட்டாதீங்க. அது வண்டி இல்ல. எங்க வூட்ல தறி நிக்கற மாதிரியே நிக்குது."

"என்னாம்மா சொல்றே?"

"இழை அறுந்தா டக்குன்னு ஒரு சத்தம் வரும்ணா. ஒடனே தறி மிதியிலேர்ந்து ரெண்டு காலையும் தூக்கிடுவாரு. அதுக்கப்புறம் ஒரு மிதி மிதிச்சாலும் புடவையில தழும்பா நின்னுடும். கல்லு ஒடையறதும் அதே சத்தம். அவரு தூக்கல, அவரு காலு தூக்குது."

தேவேந்திரன் தன் பாதங்களைக் குனிந்து பார்த்தான். யாரோ அந்நியருடைய கால்களைப் பார்ப்பது போல இருந்தது அவன் பார்வை. ஆக்சிலேட்டரை விட்டு எழும்பி என்ஜினை நிறுத்தியவை அவைதான்; பதினாறு வயதிலிருந்து அவன் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவை ஒரு கல்லுக்காக மறக்கத் தயாராக இல்லை.

"அப்போ வீட்டுல என்னா பண்ணுவீங்க? சும்மா சத்தம் வந்தா?" என்று கீழேயே நின்று ஏற்றத்தைக் கவனித்துக்கொண்டிருந்த டாக்டர் கேட்டார்.

"மழைக்காலத்துல மரம் சத்தம் போடும். நான் இழையைப் பார்த்துட்டு, 'இல்ல, மிதி'ன்னு சொல்லுவேன். மிதிப்பாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். கலாவதி பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. "சட்டம் உங்களுக்குத் தெரியும்ல அண்ணா" என்று மட்டும் சொன்னார்.

தெரியும். வண்டிக்கு இரண்டு பேர். ஏறுகிற இரண்டு பேர்தான் போகிற இரண்டு பேர். என் வண்டி, நான் ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கிய வண்டி. சீட்டின் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இறங்கக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன், பொய் சொல்வானேன். நானே பக்கத்தில் இருந்து 'இல்ல, மிதி' என்று சொன்னால் ஆகாதா? அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் என்னிடம் எதையும் கேட்கவில்லை. பாதையைக்கூடப் பார்க்கவில்லை. மேட்டுக்கு அப்பால் தெரிந்த வெளிறிய வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாக்கி.

"ஏறும்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இறங்கும்போது சீட்டை ஒரு குத்து குத்தினேன்.

மூன்றாவது தடவை வண்டி ஏறியதைக் கீழேயிருந்து பார்த்தேன். முதல் கல் உடைந்தது. "இல்ல, மிதி." குரலில் பதற்றமே இல்லை, சாதம் பரிமாறும்போது பேசுகிற குரல்தான், குவாரிச் சுவரில் பட்டு என் வரைக்கும் வந்தது. வண்டி நிற்கவில்லை. இன்னொரு 'டக்'. "இல்ல, மிதி." தூசி எழுந்து இரண்டு பேரையும் மறைத்துவிட்டது. அதற்குள்ளிருந்து கல் உடைகிற சத்தமும், அவள் குரலும், பிறகு என்ஜின் முனகலும் ஒரே தாளத்தில் மேலே போய்க்கொண்டிருந்தன. அந்த வெள்ளைக்குள் ஜீப் போகிறதா தறி ஓடுகிறதா என்று கொஞ்ச நேரம் எனக்கே தெரியவில்லை. சத்தம் உச்சிக்குப் போய் அடங்கிற்று. மேலே இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தே ஏறினேன். மேலே போய்ச் சேர வெகு நேரம் ஆயிற்று. எனக்கு முன்னாலேயே ஏறிப் போயிருந்த டாக்டர் ஏற்கெனவே நோட்டைத் திறந்து ஐந்தாவது வண்டிக்கு எதிரே இரண்டு பெயரையும் எழுதியிருந்தார்.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது போல. "அப்போ வேலு?" என்றான்.

கலாவதி பதறி, "நான் எதுக்குண்ணா, நீங்க போங்க. டாக்டர்கிட்ட நான் சொல்றேன்" என்றாள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் வெளியே வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல வேளை, வந்தது என்னவோ கிண்டல்தான்.

"நீயே போம்மா. அவன் காலு என் பேச்சைக் கேக்காது. ரெண்டு தடவ பார்த்தாச்சில்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். தேவேந்திரன் சிரிக்கவில்லை. என் தோளில் கையை வைத்து அப்படியே நின்றான். மேடு தட்டையாக, ஒரே வெள்ளையாக, வெகுதூரத்துக்குப் போயிற்று.

கலாவதி சிரிப்பில் சேராமல் வண்டிக்குள் எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"எப்பப் பார்த்தாலும் 'மிதி, மிதி'ன்னு நானே சொல்லிக்கினு இருக்கேன். இருபத்தாறு வருஷமா. மிதிச்சா எப்பிடி இருக்கும்னு என் காலுக்குத் தெரியாதுண்ணா." மேட்டைக் காட்டினாள். "இங்க தட்டையாத்தான இருக்குது. கொஞ்ச தூரம் நான் ஓட்டிப் பார்க்கட்டுமா?"

தேவேந்திரன் அவளைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை வருடமாக அவன் என் ஷெட்டில் தகரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், நான் அவன் கனவை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். இவளுக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேருமே கேட்டதில்லை. அவன் சுற்றி வந்து இடது பக்க சீட்டில் ஏறிக்கொண்டான்.

கிளட்ச் எது, பிரேக் எது என்று நான் காட்டினேன். வண்டி இரண்டு தடவை குதித்து நின்றது. அவன் வாயைத் திறக்கவில்லை, கையை நீட்டி ஸ்டியரிங்கைத் தொடவும் இல்லை. மூன்றாவது தடவை அது மெதுவாக, நடக்கிற வேகத்தில் நகர ஆரம்பித்தது. கலாவதி கண்ணை அகல விரித்து நேராகப் பார்த்தபடி, அந்த வெள்ளை மேட்டின் மறுகோடியை நோக்கி ஓட்டிக்கொண்டு போனாள்.

திரும்பி வந்து என்னை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. நானும் கூப்பிடவில்லை.